டிஸ்கார்ட் அழுத்தும் முன்

2017ஆம் ஆண்டு. விஎஸ் கோட் என்ற மென்பொருளில் ஒருவர் தன் மூன்று மாத உழைப்பு அடங்கிய ஃபோல்டரைத் திறந்தார். உள்ளே ஆயிரக்கணக்கான கோப்புகள். பக்கவாட்டில் இருந்த ‘சோர்ஸ் கண்ட்ரோல்’ பகுதி என்ன செய்கிறது என்று பார்க்கலாமே என்று திறந்தவருக்கு, அத்தனை கோப்புகளும் ‘மாற்றங்கள்’ என்ற தலைப்பில் வரிசையாக நின்றது பிடிக்கவில்லை. ‘டிஸ்கார்ட்’ அழுத்தினார். மாற்றங்களைக் கைவிடுவது என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? அந்தக் கோப்புகளுக்குப் பழைய நிலை என்று ஒன்று இல்லை. அவற்றை அவர் ஒருமுறைகூடப் பதிவு செய்திருக்கவில்லை. எல்லாம் அழிந்தன. ரீசைக்கிள் பின்னிலும் கிடைக்கவில்லை.

அவர் கோபத்துடன் புகார் எழுதினார். மூன்று மாதமாக ஒரு நகல்கூட எடுக்காதவர் என்று இணையமே சிரித்தது. சிரித்தவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஆனால் மென்பொருளைச் செய்தவர்கள் சிரித்துவிட்டுப் போகவில்லை. அந்த இடத்தில் வரும் எச்சரிக்கை வாசகத்தைக் கடுமையாக்கினார்கள். மெனுவில் இருக்கும் ஒரு சொல்லுக்கும் அதை அழுத்தினால் வட்டில் நடக்கும் காரியத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

‘வெர்ஷன் கண்ட்ரோல்’ என்பது ஒரு கோப்பு கடந்துவந்த ஒவ்வொரு நிலையையும் தேதியோடும் காரணத்தோடும் பாதுகாத்து வைக்கும் ஏற்பாடு. 1972இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மார்க் ராக்கைண்ட் எழுதிய எஸ்சிசிஎஸ் இந்த வரிசையில் முன்னோடி. பிறகு ஆர்சிஎஸ், சிவிஎஸ், சப்வெர்ஷன் என்று வந்தன. இன்று கோலோச்சுவது ‘கிட்’. லினக்ஸ் கெர்னலை உருவாக்குபவர்கள் அதுவரை பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற இதே வகை மென்பொருளின் இலவச உரிமம் 2005இல் திரும்பப் பெறப்பட்டபோது, லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஏப்ரல் 3 அன்று உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். ஏப்ரல் 7 அன்று கிட் தன்னுடைய சொந்த நிரலையே தனக்குள் பதிந்துகொண்டிருந்தது.

அவசரத்தில் பிறந்த குழந்தை. விசைப்பலகையில் தட்டச்சு செய்து வேலை வாங்குபவர்களுக்காகவே பிறந்தது. அதற்கு முகம் வைத்தவர்கள் பின்னால் வந்தார்கள். பால் மெக்கரஸ் எழுதிய ‘கிட்-கே’, பதிவுகளின் வரலாற்றைக் கோடும் புள்ளியுமாக வரைந்து காட்டியது. சப்வெர்ஷன்காரர்களுக்கு ஏற்கெனவே டார்ட்டாய்ஸ்எஸ்விஎன் இருந்தது: விண்டோஸில் ஃபோல்டர்மேல் ரைட் கிளிக் செய்தால் கட்டளைகள் எல்லாம் அங்கேயே விரியும்; மாறாத கோப்பின்மேல் பச்சை டிக், மாறியதன்மேல் சிவப்பு ஆச்சரியக்குறி. அதன் பாணியிலேயே கிட்டுக்கு டார்ட்டாய்ஸ்கிட் வந்தது. கிட்ஹப் டெஸ்க்டாப், சோர்ஸ்ட்ரீ, கிட்கிராக்கன் என்று இப்போது கடை நிறையச் சரக்கு இருக்கிறது.

மெனுவின் பலம் எளிமையானது. நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதைவிடக் கண்ணால் பார்த்து அடையாளம் காண்பது மனிதருக்குச் சுலபம். 1983இல் ஆப்பிள் லிசா கணினி திரையின் தலைப்பகுதியில் மெனு வரிசையை வைத்த காலத்திலிருந்து இதற்குச் சில எழுதப்படாத ஒப்பந்தங்களும் உண்டு. சாம்பல் நிறத்தில் மங்கியிருந்தால், இப்போதைக்கு அந்த வேலை செய்ய முடியாது என்று பொருள். பெயருக்குப் பின்னால் மூன்று புள்ளி இருந்தால், அழுத்தியவுடன் நடந்துவிடாது. இன்னும் ஏதோ கேட்டுவிட்டுத்தான் செய்யும். கிட்ஹப் டெஸ்க்டாப்பின் மெனுவைத் திறந்து பாருங்கள். ‘நியூ பிராஞ்ச்’, ‘டிஸ்கார்ட் ஆல் சேஞ்சஸ்’ ஆகியவற்றுக்கு மூன்று புள்ளி உண்டு. ‘புஷ்’, ‘புல்’, ‘ஃபெட்ச்’ ஆகியவற்றுக்கு இல்லை. அவை அழுத்திய மாத்திரத்தில் ஓடும்.

ஆனால் மெனு சொல்லாத ஒன்று இருக்கிறது. கட்டளைகள் எல்லாம் ஒரே அளவு எழுத்தில், ஒரே வரிசையில் நிற்கின்றன. எது எங்கே இருக்கும் பொருளைத் தொடுகிறது என்பது அதில் தெரியாது. கிட்டைப் பொறுத்தவரை உங்கள் எழுத்து நான்கு இடங்களில் இருக்கலாம். முதலாவது, கண்ணுக்குத் தெரியும் ஃபோல்டர். இரண்டாவது, அடுத்த பதிவுக்குத் தேர்ந்தெடுத்தவை காத்திருக்கும் ‘ஸ்டேஜிங்’. மூன்றாவது, அதே ஃபோல்டருக்குள் ஒளிந்திருக்கும் ‘.கிட்’ என்ற களஞ்சியம். நான்காவது, தொலைவில் இருக்கும் சர்வர். ‘கமிட்’ என்பது இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு. ‘புஷ்’ மூன்றாவதிலிருந்து நான்காவதுக்கு. ‘ஃபெட்ச்’ நான்காவதில் புதிதாக வந்ததை மூன்றாவதுக்குக் கொண்டுவந்து நிறுத்திக்கொள்ளும். உங்கள் ஃபோல்டரைத் தொடாது. ‘புல்’ அதையும் செய்து, வந்ததை உங்கள் வேலையோடு கலந்தும் விடும். கலப்பதற்கு முன் என்ன வந்திருக்கிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள் ஃபெட்ச்சோடு நிற்பது நல்லது.

சில முகப்புகள் இந்த வரைபடத்தை மறைத்துவிடுகின்றன. கிட்ஹப் டெஸ்க்டாப்பில் ‘ஸ்டேஜிங்’ என்ற பேச்சே இல்லை. கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு டிக் பெட்டி, அவ்வளவுதான். புதிதாக வருபவருக்கு இது வசதி. கிட்டோடு சேர்ந்தே வரும் ‘கிட் குய்’ அதைத் தனிப் பலகையாகவே காட்டும். பார்க்க அழகில்லை, ஆனால் உண்மை நிலவரத்தை அப்படியே சொல்கிறது.

கமிட் அழுத்தும்போது நடப்பது கொஞ்சம் நின்று பார்க்கத் தகுந்தது. கிட் வெறும் வித்தியாசத்தை மட்டும் குறித்துக்கொள்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அந்தக் கணத்தில் ஸ்டேஜிங்கில் உள்ளபடி எல்லாக் கோப்புகளின் முழு நிலையையும் பதிகிறது. மாறாத கோப்புகளைத் திரும்பச் சேமிக்காது. பழைய பதிவையே சுட்டிக்காட்டும். ஒவ்வொரு பதிவுக்கும் எஸ்எச்ஏ-1 என்ற கணக்கீட்டின்படி 40 எழுத்துகளில் ஒரு பெயர் கிடைக்கும். உள்ளடக்கம், எழுதியவர், நேரம் இவற்றோடு முந்தைய பதிவின் பெயரும் அந்தக் கணக்கில் சேர்கிறது. ஆகவே நடுவில் இருக்கும் ஒரு பழைய பதிவில் யாராவது கைவைத்தால், அதற்குப் பின்னால் வரும் அத்தனை பெயர்களும் மாறி, குட்டு வெளிப்பட்டுவிடும்.

‘பிராஞ்ச்’, அதாவது முக்கிய வேலையைத் தொடாமல் தனியே பிரியும் கிளை, என்றால் பெரிய காரியம் என்று தோன்றும். கிட்டில் அது 41 பைட் கொண்ட ஒரு சின்னக் கோப்பு: 40 எழுத்துப் பெயர் ஒன்று, வரி முடிவு ஒன்று. ‘நியூ பிராஞ்ச்’ கண் இமைக்கும் நேரத்தில் முடிவது இதனால்தான். சோதித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் தாராளமாக ஒரு கிளை திறக்கலாம்.

கிளைகளைச் சேர்க்கும் ‘மெர்ஜ்’தான் பலரையும் பயமுறுத்துகிறது. அதன் சூட்சுமம், இரண்டு பதிப்புகளை அல்ல, மூன்றை ஒப்பிடுவது. இரண்டு கிளைகளும் பிரிவதற்கு முன் இருந்த பொது மூதாதையை கிட் தேடி எடுக்கிறது. ஒரு வரி மூதாதையில் இருந்தபடியே ஒரு கிளையில் இருந்து, மற்றதில் மாறியிருந்தால், மாறியதை எடுத்துக்கொள்ளும். இரண்டிலும் வெவ்வேறு விதமாக மாறியிருந்தால்தான் ‘கான்ஃப்ளிக்ட்’. அப்போது கோப்பின் நடுவில் <<<<<<< என்ற குறிகளைப் போட்டுவிட்டு, நீயே பார்த்துக்கொள் என்று ஒதுங்கிவிடும். முகப்பு மென்பொருள்கள் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து, எது வேண்டும் என்று கேட்கும். தட்டச்சுக் கட்டளையைவிட இங்கே மெனு நிச்சயம் மேல்.

கான்ஃப்ளிக்ட் வரவில்லை என்பதாலேயே எல்லாம் சரி என்று நம்பிவிடக் கூடாது. ஒருவர் ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றுகிறார். இன்னொருவர் வேறொரு கோப்பில் பழைய பெயரையே புதிதாக அழைக்கிறார். வரிகள் மோதவில்லை, மெர்ஜ் சுத்தமாக முடியும், நிரல் ஓடாது. கிட்டுக்கு வரிகள் தெரியும், பொருள் தெரியாது.

இந்த ‘வரி’ விவகாரம் நிரல் எழுதாதவர்களையும் தொடுகிறது. கிட் வித்தியாசம் கண்டுபிடிக்க இயல்பாகக் கையாளும் முறை, யூஜின் மயர்ஸ் 1986இல் வெளியிட்டது. அது வரிக்கு வரி ஒப்பிடும். ஒரு நாவலை எளிய உரைக் கோப்பில் எழுதுகிறீர்கள் என்றால், எண்டர் தட்டும் வரை முழுப் பத்தியும் ஒரே வரி. ஒரு கால்புள்ளியை நீக்கினாலும் மொத்தப் பத்தியும் மாறிவிட்டதாகச் சிவப்பும் பச்சையுமாகக் காட்டும். வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. வேர்ட் கோப்பு வேறு கதை: அது உண்மையில் சுருக்கப்பட்ட ஒரு பொட்டலம் என்பதால் கிட்டால் உள்ளே படிக்க முடியாது. டார்ட்டாய்ஸ் வகை மென்பொருள்கள் அங்கே வேர்டையே கூப்பிட்டு ஒப்பிடச் சொல்கின்றன. கோப்பின் பெயரைத் தமிழில் வைப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. கட்டளைத் திரையில் அந்தப் பெயர் இயல்பாகவே \340\256 என்று தொடங்கும் எண்களாகச் சிதறித் தெரியும். கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. யூனிகோட் பைட்டுகளை கிட் அப்படி எழுதிக்காட்டுகிறது, அவ்வளவே. முகப்புகளில் தமிழாகவே தெரியும்.

இனி, ஆபத்தான பக்கத்து வீட்டுக்காரர்கள்: ரிவெர்ட், ரீசெட், டிஸ்கார்ட். மூன்றும் ‘பின்னால் போ’ என்பது போலவே ஒலிக்கும். செய்வது முற்றிலும் வேறு.

கிட்டின் ‘ரிவெர்ட்’ எதையும் அழிக்காது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஒரு பத்திரத்தை ரத்து செய்தால் பழைய பக்கத்தைக் கிழிப்பதில்லை. ரத்துப் பத்திரம் என்று புதிதாக ஒன்று பதிவாகும், வில்லங்கச் சான்று எடுத்தால் இரண்டும் வரும். ரிவெர்ட்டும் அப்படியே: பழைய மாற்றத்தை நேர்மாறாகத் திருப்பும் புதிய கமிட் ஒன்று சேரும். பலர் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் இதுதான் நாகரிகமான வழி.

‘ரீசெட்’ கிளையின் சுட்டியைப் பழைய கமிட்டுக்கு நகர்த்துகிறது. பின்னால் விடப்பட்ட கமிட்டுகள் பட்டியலிலிருந்து மறையும், ஆனால் உடனே சாகா. சுட்டி போன இடமெல்லாம் ‘ரெஃப்லாக்’ என்ற குறிப்பேட்டில் இருக்கும். இப்படிக் கைவிடப்பட்ட கமிட்டுகளின் குறிப்பை கிட் இயல்பாக 30 நாள் வைத்திருக்கும். டார்ட்டாய்ஸ்கிட் மெனுவில் ‘ஷோ ரெஃப்லாக்’ என்றே ஒரு வரி உண்டு. அது இல்லாத முகப்பில் மாட்டிக்கொண்டால், கட்டளைத் திரைக்குப் போவதைத் தவிர வழியில்லை. ஒன்று மட்டும்: ரீசெட்டின் ‘ஹார்ட்’ வகை, சுட்டியோடு நிற்காமல் ஃபோல்டரில் இருக்கும் பதிவாகாத மாற்றங்களையும் துடைத்துவிடும்.

துடைப்பதையே வேலையாகக் கொண்டது ‘டிஸ்கார்ட்’. அது தொடுவது முதல் இடத்தை, அதாவது கிட் இன்னும் பதிவு செய்யாத எழுத்தை. பதிவே இல்லாததை எந்த ரெஃப்லாக்கும் மீட்டுத் தராது. கிட்ஹப் டெஸ்க்டாப் இங்கே யோசித்திருக்கிறது: டிஸ்கார்ட் செய்த கோப்புகளை ரீசைக்கிள் பின்னுக்கு அனுப்புகிறது. டார்ட்டாய்ஸ்எஸ்விஎன்னும் அப்படியே. எல்லாரும் இப்படி இல்லை.

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. டார்ட்டாய்ஸ்எஸ்விஎன்னில் ஃபோல்டர்மேல் ரைட் கிளிக் செய்து ‘ரிவெர்ட்’ அழுத்தினால், அது கிட்டின் ரிவெர்ட் இல்லை, டிஸ்கார்ட். டார்ட்டாய்ஸ்கிட்டிலும் ஃபோல்டர் மெனுவில் உள்ள ரிவெர்ட் அதே வேலையைத்தான் செய்கிறது. ஒரே பலகை, வேறு வேறு கடை. அலுவலகம் மாறி, மென்பொருளும் மாறியவர்கள் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள்.

மெனு பயன்படுத்துகிறவர்களைக் கட்டளைத் தட்டச்சுக்காரர்கள் ஏளனமாகப் பார்க்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கட்டளைகள் மட்டும் என்ன ஒழுங்கா? கிட்டின் ‘செக்அவுட்’ என்ற ஒரே கட்டளை, எழுதும் விதத்தைப் பொறுத்து, கிளையையும் மாற்றும், உங்கள் திருத்தங்களையும் காணாமல் ஆக்கும். 2019 ஆகஸ்டில் வந்த 2.23 பதிப்பில்தான் அதை ‘ஸ்விட்ச்’, ‘ரீஸ்டோர்’ என்று இரண்டாகப் பிரித்துத் தந்தார்கள். வரலாற்றைப் பார்க்க, வித்தியாசம் படிக்க, மாறிய வரிகளில் சிலவற்றை மட்டும் பொறுக்கிப் பதிய முகப்பே சிறந்தது. ஒரே வேலையை நூறு முறை செய்யவும், பெரிய விபத்திலிருந்து மீளவும் கட்டளை சிறந்தது.

முகப்புகள் தரும் சின்னச் சலுகைகளையும் கவனியுங்கள். கிட்ஹப் டெஸ்க்டாப்பில் கமிட் செய்த கையோடு ‘அன்டூ’ என்றொரு பொத்தான் தெரியும். அதை அழுத்தினால் கமிட் மட்டும் கலையும், எழுதியது அப்படியே இருக்கும். புஷ் செய்த பிறகு அந்தப் பொத்தான் மறைந்துவிடும். சர்வருக்குப் போனதை வேறு யாராவது அதற்குள் எடுத்திருக்கலாம் அல்லவா? ‘ஃபோர்ஸ் புஷ்’ ஆபத்தாவதும் இதே காரணத்தால்தான். அது சர்வரில் இருக்கும் வரலாற்றின்மேல் உங்கள் வரலாற்றை எழுதுகிறது. குழுவில் யாரிடமும் கேட்காமல் அதை அழுத்தாதீர்கள்.

புரியாத மெனு எதையும் தொடும் முன் ஒரு கமிட் போடுங்கள். குறிப்பில் ‘தற்காலிகம்’ என்று எழுதினாலும் போதும். அன்றன்று புஷ்ஷும் செய்யுங்கள், ஏனென்றால் ‘.கிட்’ களஞ்சியம் இருப்பதும் அதே வட்டில்தான். வட்டு போனால் அதுவும் போகும். இந்த வார இறுதியில் அரைமணி நேரம் ஒதுக்கி, காலி ஃபோல்டர் ஒன்றில் நான்கு வரி எழுதி, கமிட் போட்டு, ஒரு வரியை மாற்றி, டிஸ்கார்ட் அழுத்திப் பாருங்கள். பிறகு ரீசைக்கிள் பின்னைத் திறந்து, உங்கள் மென்பொருள் அதை அங்கே போட்டிருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.