501-வது யூனிட்டின் விலை 243 ரூபாய்

கரண்ட் பில் கூடிவிட்டது என்ற புலம்பல் கீழக்கரையிலும் கேட்கிறது, தொண்டியிலும் கேட்கிறது. எவ்வளவு என்று கேட்டால் தொகையைச் சொல்வார்கள். எத்தனை யூனிட் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. கட்டணம் ஏறும் விதமோ யூனிட்டில்தான் ஒளிந்திருக்கிறது. ஆகவே இராமநாதபுரம் மாவட்டத்து வீடு ஒன்றை மனதில் வைத்து அந்தக் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே சுமார் 13.5 லட்சம் பேர். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் கிராமங்களில் வாழ்பவர்கள். கணக்கு எல்லாருக்கும் ஒன்றுதான்.

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம்; இது 2016-ல் வந்தது. 2024 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்தில் 500 யூனிட் வரை செலவழிக்கும் வீடு, 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாயும், 201 முதல் 400 வரை 4.70 ரூபாயும், 401 முதல் 500 வரை 6.30 ரூபாயும் கட்ட வேண்டும். சரியாக 500 யூனிட் ஓடியிருந்தால் பில் 1,805 ரூபாய்.

ஒரே ஒரு யூனிட் கூடுதலாக, 501 ஓடிவிட்டது என்று வையுங்கள். கூடிய அந்த ஒரு யூனிட்டுக்கு 8.40 ரூபாய்தானே என்று தோன்றும். அப்படியில்லை. 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு அட்டவணையே வேறு. 2.35 ரூபாய் என்ற படி அங்கே கிடையாது. 101-லிருந்து 400 வரை எல்லாமே 4.70. பில் 2,048 ரூபாய் 40 காசாகிவிடும். ஆக அந்த 501-வது யூனிட்டுக்கு நாம் கொடுக்கும் விலை 243 ரூபாய் 40 காசு. அதற்கு மேல் 600 வரை 8.40, 800 வரை 9.45, ஆயிரம் வரை 10.50, அதையும் தாண்டினால் 11.55.

இதனால்தான் ரீடிங் எடுக்க வருபவர் நாலு நாள் பிந்தினாலும் நமக்கு வலிக்கிறது. தினம் 8.2 யூனிட் செலவாகும் வீட்டில் 60 நாளுக்கு 492 யூனிட். பில் சுமார் 1,755 ரூபாய். அதே வீட்டில் 64-ம் நாள் ரீடிங் எடுத்தால் 525 யூனிட், பில் 2,250. வீட்டில் யாரும் கூடுதலாக ஒரு விளக்கைக்கூடப் போடவில்லை, 495 ரூபாய் கூடிவிட்டது. நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. போன தடவை ரீடிங் எடுத்த தேதி மின் அட்டையிலோ செல்போன் குறுஞ்செய்தியிலோ இருக்கும். அதிலிருந்து 60-ம் நாள் மீட்டரைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். கரண்ட் ஆபீசில் எழுத்துமூலம் முறையிட வேண்டி வந்தால் கையில் ஓர் ஆதாரமாவது இருக்கும்.

நம் வீடுகளுக்கே உரிய சங்கதி இன்னொன்று. அண்ணன் தம்பி மூவரும் சபுரில் இருக்க, மூன்று குடும்பமும் ஒரே வீட்டில் ஒரே மீட்டரில் வாழ்வது கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம் பக்கம் சாதாரணம். மூன்று குடும்பத்துக்கும் சேர்த்து 900 யூனிட் என்றால் பில் 5,820 ரூபாய். அதே 900 யூனிட் மூன்று மீட்டரில் முந்நூறு முந்நூறாகப் பிரிந்திருந்தால் மொத்தம் 2,115 ரூபாய்தான். கூட்டுக் குடும்பத்துக்கு இது ஒருவகை அபராதம் என்றே சொல்ல வேண்டும். மேல்மாடியும் கீழ்வீடும் உண்மையிலேயே தனித்தனிக் குடித்தனமாக, தனிச் சமையலறை, தனி வயரிங்கோடு இருந்தால் தனி இணைப்புக்கு விண்ணப்பித்துப் பார்ப்பதில் தவறில்லை. ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு சலுகைக்காக மட்டும் இரண்டாவது மீட்டர் வாங்குவது வேறு விஷயம். அந்த மானியம் அரசுக் கருவூலத்திலிருந்து, அதாவது எல்லார் பணத்திலிருந்தும் வருகிறது.

சரி, யூனிட் எங்கே போகிறது? ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட்டிலிருந்து ஒன்றரை யூனிட் வரை இழுக்கும். இரவில் எட்டு மணி நேரம், 60 நாள், மணிக்கு ஒரு யூனிட் என்று குறைத்தே வைத்தாலும் 480 யூனிட். ஏசி வாங்கும்போது கடையில் சொல்லும் விலை பாதி விலைதான். மீதியை அது வந்த பிறகு விசிறி, பிரிட்ஜ், மோட்டார் எல்லாம் ஏறும் புதிய படியில் தவணை தவணையாகக் கட்டுகிறோம். வெப்ப அளவை ஒரு டிகிரி கூட்டி வைத்தால் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் சொல்கிறது. 2020-லிருந்து புது ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்குகின்றன. அதை 18-க்கு இறக்கிப் போர்வை போர்த்திக்கொள்வது நாம்தான்.

ஏசி இல்லாத வீட்டில் கவனிக்க வேண்டியது விசிறி. பழைய சீலிங் பேன் 75 வாட். மூன்று பேன் தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 202 யூனிட். பி.எல்.டி.சி. மோட்டார் கொண்ட புதிய பேன்கள் 30 வாட் அளவில் அதே காற்றைத் தருகின்றன. அதற்கு 81 யூனிட் போதும். மிச்சம் 121. இப்போது 560 யூனிட் ஓட்டும் ஒரு வீட்டை எடுத்துக்கொண்டால் அதன் பில் 2,544 ரூபாய். மூன்று பேனையும் மாற்றினால் 439 யூனிட், பில் சுமார் 1,421. ஒரு பில்லுக்கு 1,123 ரூபாய் மிச்சம். மூன்று பேனுக்கும் சேர்த்து 9,000 ரூபாய் ஆனாலும் எட்டு பில்லில், ஒன்றரை வருடத்துக்குள், பணம் திரும்பிவிடும். 500-க்குக் கீழே ஏற்கெனவே இருக்கும் வீட்டுக்கு இவ்வளவு வேகமாகத் திரும்பாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி புகை. நம் மாவட்டத்தில் கமுதி இருக்கிறதே, நமக்கு வருவது சூரிய மின்சாரம்தானே என்று பலர் நினைக்கிறார்கள். கரிமூட்டம் போட்டுப் பிழைத்த அந்தச் சீமைக்கருவேலக் காட்டுப் பகுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. அன்றைக்கு ஒரே இடத்தில் அமைந்தவற்றில் உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்று. ஆனால் அதன் மின்சாரம் உயர் அழுத்தக் கம்பியில் ஏறி மாநில மின்தொகுப்பில் கலந்துவிடுகிறது. தென்மாநிலத் தொகுப்பு 2013-ன் கடைசி நாளில் நாட்டின் பொதுத் தொகுப்போடு இணைந்தது. தொகுப்பு ஒரு கண்மாய் மாதிரி. வழுதூர் எரிவாயு நிலையம், தூத்துக்குடி அனல் நிலையம், முப்பந்தல் காற்றாலை, கமுதி சூரியத் தகடு எல்லாம் அதில் விழும் வாய்க்கால்கள். எந்த மடையில் எந்த வாய்க்கால் தண்ணீர் வருகிறது என்று பிரிக்க முடியாது. பக்கத்தில் இருப்பதால் விலையும் குறையவில்லை. கமுதி மின்சாரத்தை வாரியம் யூனிட் 7.01 ரூபாய்க்கு 25 ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்குகிறது. அடுத்த ஆண்டே, 2017-ல், ராஜஸ்தானின் பட்லா ஏலத்தில் சூரிய மின்சாரம் 2.44 ரூபாய்க்கு இறங்கிவிட்டது. அவசரப்பட்டுப் போட்ட நீண்ட ஒப்பந்தத்தின் சுமை யாரோ ஒருவர் தலையில் இறங்கத்தானே செய்யும்?

இந்தியத் தொகுப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு இன்னும் நிலக்கரி. அதனால் நாம் செலவழிக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு எங்கோ ஒரு புகைபோக்கியில் வெளியேறுகிறது. 560 யூனிட் வீட்டுக்கு இரண்டு மாதத்தில் சுமார் 390 கிலோ. மூன்று பேனை மாற்றிய வீட்டில் அதில் 85 கிலோ குறையும். இரண்டு சமையல் எரிவாயு சிலிண்டர் எரிந்தால் வரும் அளவு அது. வருடத்துக்கு அரை டன். நேரமும் முக்கியம். நண்பகலில் சூரியத் தகடுகள் வேலை செய்யும். ஆனி, ஆடிக் காற்றில் காற்றாலைகள் சுற்றும். இரவு ஏழு மணிக்கு மேலும், நோன்பு மாதத்தில் சஹருக்கு எழும் நேரத்திலும் சூரியன் இல்லை. தண்ணீர் மோட்டார், வாஷிங் மெஷின், கிரைண்டர் மூன்றையும் காலை பத்துக்கும் மாலை மூன்றுக்கும் இடையே ஓட்டினால் பில் மாறாது, புகை குறைய வாய்ப்புண்டு.

வீட்டு மாடியிலேயே சூரியத் தகடு போடலாமா என்பது இப்போது அதிகம் கேட்கப்படும் கேள்வி. 2024-ல் வந்த பிரதமர் சூர்யகர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். நம் வெயிலுக்கு ஒரு கிலோவாட் தினம் 4 யூனிட் தரும். எல்லாருக்கும் இது லாபம் என்று விற்பனையாளர் சொல்வார். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். தகடு தரும் மின்சாரம் நம் கணக்கில் உச்சிப் படியிலிருந்துதான் கழிகிறது. 300 யூனிட் வீட்டின் பில்லே 705 ரூபாய்தான். அதை முழுவதும் ஒழித்தாலும் வருடத்துக்கு 4,230 ரூபாய் மிச்சம். அந்த வீட்டுக்கு விசிறி மாற்றுவதே போதும். மேலே சொன்ன 900 யூனிட் கூட்டுக் குடும்பத்தில் 2 கிலோவாட் போட்டால் கணக்கு 420 யூனிட்டுக்கு இறங்கி, 5,820 ரூபாய் பில் 1,301 ஆகும். வருடத்துக்கு 27,000 ரூபாய் மிச்சம். மானியம் போகக் கையிலிருந்து 70,000 ரூபாய் செலவானாலும் மூன்று ஆண்டுக்குள் முதல் திரும்பும்.

மானியம் முன்கூட்டிக் கிடைக்காது. தகடு பொருத்தி, வாரியம் மீட்டர் மாற்றிய பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும். முழுத் தொகையையும் முதலில் நாமே புரட்ட வேண்டும். இந்த இடைவெளியில்தான் வங்கிக் கடனைச் சேர்த்தே விற்கிறார்கள். வட்டி வேண்டாம் என்றிருப்போர், சபுரில் இருக்கும் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைக் காட்டிச் சில மாதம் சேர்த்துவிட்டு இறங்கலாம். அல்லது கையில் உள்ள தொகைக்கு ஏற்ற அளவில் போடலாம். ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீட்டின் மாடியில் மட்டும் வேண்டாம். கழிப்பதற்கு அங்கே பில்லே இல்லை.

கடலோர ஊர்க்காரர்கள் ஒப்பந்தம் போடுமுன் ஒன்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: தகட்டைத் தாங்கும் இரும்புச் சட்டம் துத்தநாகத்தில் முக்கி எடுத்ததா, வெறும் பெயின்ட் அடித்ததா? பெயின்ட் என்றால் உப்புக் காற்று சில வருடத்திலேயே அரித்துவிடும். தகட்டுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் இருக்கும்; சட்டத்துக்கு எத்தனை ஆண்டு என்று தாளில் பாருங்கள்.