ஊசியும் நூலும் உரையாடலும்

அமெரிக்க எழுத்தாளர் லூயிசா மே ஆல்காட்டின் ‘லிட்டில் விமன்’ நாவலின் முதல் பகுதி 1868ஆம் ஆண்டில் வெளிவந்தது. கதையின் பெரும்பகுதி ஒரு வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. உள்நாட்டுப் போரில் பணியாற்றத் தந்தை சென்றுவிட்டார். மெக், ஜோ, பெத், ஏமி என்னும் நான்கு சகோதரிகளும், ‘மார்மி’ என்று அவர்கள் அழைக்கும் தாயும் குறைந்த வருமானத்தில் காலம் தள்ளுகிறார்கள். நாடகத்துக்குக் கிட்டார் தேவையா? அட்டையில் செய்துகொள்கிறார்கள். தாயும் மகளும் சேர்ந்து செய்யக்கூடிய நடவடிக்கைகளைத் தேடுவோர்க்கு இந்நாவல் இன்றும் கைகொடுப்பதற்கு இதுவே காரணம்.

முதல் அத்தியாயத்திலேயே ஒரு நல்ல நடவடிக்கை இருக்கிறது. சகோதரிகள் தங்கள் பாட்டி முறை உறவினருக்காகப் படுக்கை விரிப்புகளைத் தைக்கிறார்கள். சலிப்பூட்டும் வேலை அது. எனவே, நீண்ட ஓரத்தை நான்காகப் பிரித்து ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்று பெயரிடுகிறார்கள். எந்தக் கண்டத்தைத் தைக்கிறார்களோ அந்தக் கண்டத்து நாடுகளைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள்.

இதை வீட்டில் செய்ய ஒரு பழைய துணியும் ஊசி நூலும் போதும். துணியின் ஓரத்தை மடித்து, சாக்குக் கட்டியால் நான்கு பகுதிகளாகக் குறித்துக்கொள்ளலாம். நாடுகளுக்குப் பதிலாக, பாட்டி வளர்ந்த ஊர், தாயின் பள்ளிக்கூடம், மகளின் வகுப்பறை, இருவரும் போக விரும்பும் இடம் எனப் பெயரிடலாம். தையல் நேராக வராவிட்டால் பரவாயில்லை. நேருக்கு நேர் அமர்ந்து, “பள்ளியில் என்ன நடந்தது?” என்று தாய் கேட்டால், “ஒன்றுமில்லை” என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். இருவர் கண்களும் ஊசியின் மேல் இருக்கும்போது அதே கேள்விக்கு வேறு பதில் வரக்கூடும்.

சகோதரிகள் வாரந்தோறும் கையெழுத்துப் பத்திரிகை ஒன்றையும் நடத்துகிறார்கள். கதை, கவிதை, வீட்டுச் செய்தி, வேடிக்கை விளம்பரம் எல்லாம் அதில் உண்டு. சனிக்கிழமை மாலையில் மாடி அறையில் கூடி அதை வாசிக்கிறார்கள். ஒருவர் குறையை மற்றவர் நகைச்சுவையாகச் சுட்டிக்காட்டவும் அது இடம் தருகிறது. புலனத்தில் அனுப்பினால் சண்டையாகிவிடும் ஒரு செய்தி, “காணவில்லை: அம்மாவின் கத்தரிக்கோல். கடைசியாக மகளின் மேசையில் காணப்பட்டது” என்று விளம்பரமாக வந்தால் சிரிப்பாகிவிடுகிறது.

தாய்மார்களுக்குக் கடினமான நடவடிக்கை சமையல்தான். நாவலில், மகள்கள் ஒரு வாரம் வேலையே செய்யாமல் இருந்து பார்க்க விரும்புகிறார்கள். தாய் தடுக்கவில்லை. சனிக்கிழமையன்று அவரும் ஒதுங்கிக்கொள்ள, ஜோ விருந்து சமைக்கிறாள். சர்க்கரைக்குப் பதிலாக உப்பு தூவப்பட்ட ஸ்ட்ராபெரிப் பழங்கள் மேசைக்கு வருகின்றன! வேலையைப் பகிர்ந்துகொள்வது ஏன் தேவை என்பதைத் தாய் அன்று மாலைதான் பேசுகிறார். இதைச் செய்து பார்க்கும் தாய், கத்தியையும் அடுப்பையும் மகள் பாதுகாப்பாகக் கையாள்வாள் என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். அதன்பின் பக்கத்து அறையில் அமர்ந்து, உப்பைப் பற்றி வாய் திறக்காமல் இருக்க வேண்டும்.

ஆல்காட் தம் தாய் அபிகெயிலை மனத்தில் கொண்டே மார்மியைப் படைத்தார். அபிகெயில், சிறுமி லூயிசாவின் நாட்குறிப்பில் அவளுக்குச் சிறு குறிப்புகள் எழுதி வைப்பது வழக்கம். தாயும் மகளும் ஒரே குறிப்பேட்டில் மாறி மாறி எழுதலாம் என்ற எண்ணத்தை இது தருகிறது. மகளின் எழுத்துப் பிழைகளைத் தாய் திருத்தக் கூடாது. எழுதியதை மற்றவரிடம் காட்டவும் கூடாது.

அந்தக் குறிப்பேட்டில் தாய் என்ன எழுதலாம்? நாவலில் ஏமி, ஜோவின் கையெழுத்துப் பிரதியை எரித்துவிடுகிறாள். ஜோவின் கோபம் தணியவில்லை. மறுநாள் பனிக்கட்டி உடைந்து ஏமி ஆற்று நீரில் விழும்வரை அது நீடிக்கிறது. தன் கோபத்தை எண்ணி அழும் ஜோவிடம், தமக்கும் ஏறத்தாழ ஒவ்வொரு நாளும் கோபம் வருகிறது என்கிறார் தாய். நாற்பது ஆண்டுகளாக முயன்றும் அதை அடக்க மட்டுமே முடிந்திருக்கிறதாம். ஜோ வியந்துபோகிறாள். ஒரே வீட்டில் வாழ்ந்தும் அவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை. “உன் வயதில் எனக்கு எதன்மீது கோபம் வந்தது” என்பது குறிப்பேட்டின் முதல் பக்கத்துக்குப் பொருத்தமான தலைப்பு.

ஜோவிடம் ஒரு திண்டு உண்டு. அது நிமிர்ந்து நின்றால் அவளை நெருங்கலாம். படுத்திருந்தால் நெருங்கக் கூடாது. ஒரு செவ்வகத் துணி, இரண்டு வட்டத் துணிகள், உள்ளே திணிக்கப் பழந்துணிகள் இருந்தால் அதைத் தைத்துவிடலாம். ஆனால், வீட்டுக்கு ஒன்று போதாது. தாய்க்கும் ஒன்று தைக்க வேண்டும்.