தம்புராப் பெட்டியும் டெக்னோ இசையும்

ஆளில்லாத குறையைத் தீர்க்க வந்த இயந்திரங்கள். பெங்களூரில் ஒன்று ஜெயித்தது. ஜப்பானில் இரண்டு தோற்று, பிறகு உலகத்தையே ஆட வைத்தன.

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் பாட்டு வகுப்பு நடக்கும் வீடுகளில் ஆசிரியர் வாய் திறப்பதற்கு முன் ஒரு சின்னப் பெட்டி பாடத் தொடங்கிவிடும். பஞ்சமம், ஷட்ஜம் என்று சலிக்காமல் சுற்றிவரும். தந்தி அறுவதில்லை, மீட்டுகிறவருக்குக் கை வலிப்பதில்லை.

இந்த எலக்ட்ரானிக் தம்புராவை 1979ல் உருவாக்கியவர் ஜி. ராஜ்நாராயண். பெங்களூரின் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸில் பொறியாளராக இருந்தவர். புல்லாங்குழல் கலைஞரும்கூட. அதே ஆண்டு சென்னை மியூசிக் அகாதமியில் இது காட்டப்பட்டது. அவரது ராடெல் நிறுவனம் பின்னர் எலக்ட்ரானிக் தபலாவையும் கொண்டுவந்தது.

ஏறக்குறைய அதே சமயம், ஜப்பானின் ரோலண்ட் நிறுவனமும் இதே யோசனையில்தான் இருந்தது. தனியாக சாதகம் செய்யும் இசைக்கலைஞருக்குத் துணை வேண்டும். டிரம்ஸுக்கு டிஆர்-808 (1980). பேஸ் கிட்டாருக்கு டிபி-303 (1981).

இரண்டும் விற்பனையில் எடுபடவில்லை. 808ல் பதிவு செய்த டிரம்ஸ் ஒலியே கிடையாது. மின்சுற்றுகளே தாளத்தை உண்டாக்கின. அது நிஜ டிரம்ஸ் போல இல்லை என்பதுதான் புகார். 303 எழுப்பிய ஒலியும் கிட்டார் மாதிரி இல்லை. சில ஆண்டுகளில் தயாரிப்பு நின்றது. பழைய சாமான் கடைகளுக்கு அவை மலிவாக வந்து சேர்ந்தன.

அங்கேதான் கதை திரும்பியது. டெட்ராய்ட்டின் ஜுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகிய கறுப்பின இளைஞர்கள் இதுபோன்ற இயந்திரங்களை வைத்து டெக்னோ இசையை உருவாக்கினார்கள். சிகாகோவின் ஃப்யூச்சர் குழு 303ன் குமிழ்களைத் திருகித் திருகி எடுத்த விநோத ஒலி, 1987ல் 'ஆசிட் ஹவுஸ்' என்று புகழ்பெற்றது.

ஆனால் அதற்கு ஐந்தாண்டு முன்பே மும்பையில் ஒருவர் இதைச் செய்துவிட்டார். இந்தித் திரைப்படங்களுக்கு வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982ல் இதே 303, 808, ஜூபிடர்-8 கருவிகளைக் கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து இசைத்தட்டு வெளியிட்டார். நம் மோகனத்துக்கு இணையான பூபாலி, ஹிந்தோளத்துக்கு இணையான மால்கௌன்ஸ் எல்லாம் அதில் உண்டு. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் 303ன் வசதி ராகத்துக்குத் தோதாக அமைந்தது. அன்று யாரும் வாங்கவில்லை. 2010ல் மறுபதிப்பு வந்த பிறகே வெளிநாட்டு ரசிகர்கள் அவரைத் தேடி வந்தார்கள். 2015ல் அவர் காலமானார்.

தோற்ற இயந்திரம் புது இசை தந்தது. ஜெயித்த இயந்திரம் தந்தது வசதி. துணைக்கு ஆளில்லாத ஊரில் பாட்டு கற்பவருக்கு அது வரப்பிரசாதம். ஆனால் வித்வானின் முதுகுக்குப் பின்னால் தம்புராவுடன் அமரும் சிஷ்யருக்குக் கச்சேரி முழுவதும் பாடம்தான். எங்கே மூச்சு விடுவது, எங்கே நிறுத்துவது என்பதையெல்லாம் அங்கே உட்கார்ந்தே கற்றவர்கள் பலர். பல மேடைகளில் அந்த இடத்தில் இப்போது பெட்டி இருக்கிறது. அந்தப் பெட்டியும் இன்று செல்போனுக்குள் அடங்கிவிட்டது.

சுருதி பிசகுவதில்லை. பின்னால் உட்கார்ந்து கற்க ஆள்தான் இல்லை.