காலர் மைக்: பக்கத்தில் நின்று கேட்கும் கருவி

இதழியல் படிக்க வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது கேமராவைத்தான். படம் கொஞ்சம் மங்கினாலும் செய்தியைப் பொறுத்துக்கொண்டு பார்க்கிறோம். பேசுகிறவர் சொல்வது விளங்காவிட்டால் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறோம். அதனால் மாணவர்கள் முதலில் பழக வேண்டியது, பேசுகிறவரின் சட்டையில் மாட்டும் காலர் மைக் என்பேன்.

மிளகளவே இருக்கும் அதன் தலைக்குள் மெல்லிய சவ்வும், அதையொட்டிச் சின்ன இடைவெளியில் ஓர் உலோகத் தகடும் உண்டு. குரல் பட்டுச் சவ்வு அதிரும்போது இடைவெளி கூடிக் குறையும். அந்த மாற்றமே மின் குறிகையாகிறது. இது நடக்கச் சவ்வுக்கும் தகட்டுக்கும் இடையே மின்னூட்டம் வேண்டும். இப்படிச் சவ்வும் தகடும் கொண்ட பழைய கண்டென்சர் மைக்குகளுக்கு அதை வெளியிலிருந்து கொடுக்க வேண்டியிருந்தது. 1962-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் இருவரும் மின்னூட்டத்தைத் தன்னுள்ளேயே நீண்டகாலம் தேக்கி வைக்கும் பிளாஸ்டிக் சவ்வைக் கொண்டு எலெக்ட்ரெட் மைக்கை உருவாக்கினார்கள். சிறிய, மலிவான மைக்குகள் உலகெங்கும் பரவியது இதனால்தான்.

ஆனாலும் காலர் மைக்கின் பலம் அது இருக்கும் இடத்தில்தான். திறந்தவெளியில் தொலைவு இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். மீன் சந்தையில் பேட்டி எடுக்கிறீர்கள். கேமரா 2 மீட்டர் தள்ளி நிற்கிறது. காலர் மைக்கோ வாயிலிருந்து 20 சென்டிமீட்டரில். காலர் மைக்குக்குக் குரல் சுமார் 20 டெசிபல் கூடுதலாகக் கிடைக்கும். சந்தை இரைச்சல் மட்டும் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. பிறகு மென்பொருளை வைத்து இரைச்சலை நீக்கப் பார்த்தால், குரலின் இயல்பும் சேர்ந்து கெடும்.

மைக்கை முகவாய்க்கு ஒரு சாண் கீழே, சங்கிலியோ துப்பட்டாவோ உரசாத இடத்தில் மாட்டுங்கள். பேசுகிறவரையே மாட்டிக்கொள்ளச் சொல்வது மரியாதை. பெண்களிடம் அது கட்டாயம். வெளியில் காற்றடித்தால் பஞ்சுறை போடுங்கள். பதிவுக் கருவியின் மீட்டரில் ஒலி அளவு உச்சத்தில் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி இருக்கட்டும். பூஜ்யத்தைத் தாண்டினால் அலையின் முகடுகள் வெட்டுப்படும், அவற்றை மீட்க முடியாது. பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் அரை நிமிடம் அந்த இடத்தின் ஒலியை மட்டும் பதியுங்கள். எடிட்டிங்கில் வெட்டிய இடங்களை ஒட்டுப்போட அது உதவும்.

இத்தனையும் சரியாக நடக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது. காதில் ஹெட்போன் இல்லாமல் ஒரு பேட்டியையும் தொடங்காதீர்கள்.