மர உருண்டைகளில் தொடங்கிய நோபெல் பரிசு

வேதியியல் வகுப்பில் உருண்டைகளையும் குச்சிகளையும் வைத்து மூலக்கூறு மாதிரி செய்திருப்பீர்கள். கறுப்பு உருண்டை கார்பன், சிவப்பு ஆக்சிஜன், வெள்ளை ஹைட்ரஜன். அத்தகைய மாதிரிகளைத் தயாரிக்கும் வேலையில்தான் ஒருவருக்கு நோபெல் பரிசு வரை கொண்டுசென்ற யோசனை பிறந்தது.

அவர் ரிச்சர்ட் ராப்சன். 1937இல் இங்கிலாந்தில் பிறந்து, ஆக்ஸ்ஃபர்டில் முனைவர் பட்டம் பெற்று, 1966இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர். 1974இல் மாணவர்களுக்காக மர உருண்டைகளில் துளையிட வேண்டியிருந்தது. துளையிடுவது பட்டறையின் வேலை. எங்கே என்று குறித்துக் கொடுப்பது ராப்சனின் வேலை. ஒவ்வோர் அணுவும் குறிப்பிட்ட திசைகளில்தான் பிணையும் என்பதால் துளைகளைக் கண்டபடி போட முடியாது.

உருண்டைகள் திரும்பி வந்ததும் சில மூலக்கூறுகளைக் கோத்துப் பார்த்தார். துளைகள் சரியான இடத்தில் இருந்ததால் மூலக்கூறின் வடிவம் தானாகவே அமைந்தது. அப்படியானால் அணுக்களுக்குப் பதிலாக முழு மூலக்கூறுகளையே இப்படிக் கோத்தால் என்ன? சரியான மூலைகளையும் சரியான கைகளையும் தேர்ந்தெடுத்தால், நாம் விரும்பும் கட்டடத்தை அவை தாமாகவே கட்டிக்கொள்ளுமா?

உடனே அவர் ஆய்வுக்கூடத்துக்கு ஓடவில்லை. ஆண்டுதோறும் புதிய மாணவர்களுக்காக அந்த மாதிரிகளை வெளியே எடுக்கும்போதெல்லாம் அதே யோசனை தலைகாட்டியது. பத்தாண்டுக்கும் மேல் கழித்துத்தான் செய்து பார்த்தார். வைரத்தில் ஒவ்வொரு கார்பனும் நான்கு கார்பன்களோடு பிணைந்திருக்கும். அதைப் பின்பற்றி, நான்கு பிணைப்புகளை நாடும் செம்பு அயனியை மூலையாகவும் நான்கு கைகள் கொண்ட ஒரு கரிம மூலக்கூறை இணைப்பாகவும் எடுத்துக்கொண்டார். இரண்டையும் கலந்தால் சிக்கலான நூல்கண்டுதான் கிடைக்கும் என்றே அன்றைய வேதியியலாளர்கள் பலர் எண்ணியிருப்பார்கள். கிடைத்ததோ ஒழுங்கான படிகம். உள்ளே பெரிய பெரிய வெற்றிடங்கள்! பெர்னார்ட் ஹாஸ்கின்சுடன் அவர் எழுதிய கட்டுரை 1989இல் வெளிவந்தது. அப்போது ராப்சன் ஐம்பதைத் தாண்டியிருந்தார்.

எங்கள் வகுப்பில் இது இறுதியாண்டு ஆய்வுக்கு வழிகாட்டியைத் தேடும் பருவம். பேராசிரியரின் பெயரை இணையத்தில் தட்டியதும் நண்பர்கள் முதலில் பார்ப்பது எச்-இண்டெக்ஸ். தலா 50 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட 50 கட்டுரைகள் ஒருவருக்கு இருந்தால் அவருடைய எண் 50. அந்த எண்ணால் பயனில்லை என்று சொல்லமாட்டேன். ராப்சனும் பெயர் தெரியாதவராக இருக்கவில்லை. இரண்டு உலோக அணுக்களைத் தாங்கும் வளைய மூலக்கூறு ஒன்று இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. ஆனால் 1974 முதல் 1989 வரை அந்த மர உருண்டை யோசனைக்கு எந்த எண்ணும் கிடையாது. மேற்கோள் காட்ட ஒரு கட்டுரை இருந்தால்தானே!

கட்டுரை வந்த பிறகும் எல்லாரும் கைதட்டிவிடவில்லை. அவருடைய படிகங்கள் எளிதில் உடைந்துபோயின. இதனால் என்ன பயன் என்று பலர் கேட்டார்கள். பதில் வேறு இடங்களிலிருந்து வந்தது. ஜப்பானின் சுசுமு கிட்டகாவா, ஆய்வு நிதி மறுக்கப்பட்டும் விடாமல் முயன்று, வாயுக்கள் புகுந்து வெளியேறினாலும் குலையாத கட்டமைப்பை 1997இல் உருவாக்கினார். ஜோர்தானில் பாலஸ்தீன அகதிக் குடும்பத்தில் பிறந்து, 15 வயதில் அமெரிக்கா சென்ற ஒமர் யாகி, 1999இல் எம்ஓஎஃப்-5 என்ற பொருளை அறிமுகப்படுத்தினார். 300 பாகை செல்சியஸ் வெப்பத்தையும் அது தாங்கும். அதில் சில கிராம் எடுத்தால் அதன் உட்பரப்பு ஒரு காற்பந்துத் திடலுக்குச் சமம். ‘உலோக-கரிமக் கட்டமைப்பு’ என்ற பெயரைப் பரப்பியவரும் யாகிதான்.

இன்று இவ்வகைப் பொருள்கள் பல்லாயிரம். பாலைவனக் காற்றிலிருந்து தண்ணீர் பிடிப்பவை, கரியமில வாயுவைச் சிறைப்பிடிப்பவை, பழங்கள் சீக்கிரம் கனியாதபடி எத்திலீன் வாயுவை உறிஞ்சுபவை என்று பலவிதம். மூவருக்கும் 2025 அக்டோபரில் நோபெல் பரிசு அறிவிக்கப்பட்டபோது ராப்சனுக்கு 88 வயது.

இன்னும் தீராத சிக்கல்களும் உண்டு. புகழ்பெற்ற எம்ஓஎஃப்-5, வெப்பத்தைத் தாங்கினாலும் ஈரத்தைத் தாங்காது. நம் ஊர்க் காற்றில் திறந்து வைத்தால் அதன் கட்டமைப்பு மெல்லச் சிதையும். ஈரத்துக்கு அஞ்சாத வகைகளும் இருக்கின்றன. ஆனால் எந்த மூலையோடு எந்தக் கையைச் சேர்த்தால் கட்டமைப்பு நிலைக்கும் என்பதில் பார்க்க வேண்டியவை நிறைய. இறுதியாண்டு ஆய்வுக்கு நான் கேட்டிருக்கும் தலைப்பு அதுதான். அந்தக் குழுவின் பேராசிரியர் பணியில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகின்றன. அவருடைய எச்-இண்டெக்ஸ் என்ன என்று நண்பர்கள் கேட்டார்கள். நான் பார்க்கவில்லை.