சர்வருக்கு ஃபேன் பத்தாது, தண்ணிதான் வேணும்! ஒரு ரேக்கை தூரத்திலிருந்தே காவல் காப்பது எப்படி?

ஒரு மணி நேரம் விடாமல் கேம் ஆடினால், உங்கள் போனின் பின்பக்கம் சுடுகிறது இல்லையா? சிப் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வரும். போனில் அது சில வாட்தான். ஆனால், ஏ.ஐ-க்காக வந்திருக்கும் சர்வர் ரேக்குகளின் கதையே வேறு.

என்விடியாவின் 'ஜிபி200 என்விஎல்72' ரேக்கை எடுத்துக்கொள்வோம். பீரோ சைஸில் இருக்கும் அதற்குள் 72 ஜி.பி.யூ-க்கள். மின்தேவை சுமார் 120 கிலோவாட். நம் வீட்டு 1.5 டன் ஏ.சி வெளியேற்றும் வெப்பம் சுமார் 5.3 கிலோவாட். அப்படியென்றால், ஒரே ஒரு ரேக்குக்கு 20 ஏ.சி-க்கு மேல் வேண்டும்!

ஏன் தண்ணீர்?

ஒரே அளவு இடத்தில், காற்றைவிட தண்ணீர் 3,000 மடங்குக்கும் மேல் வெப்பத்தைச் சுமக்கும். அதனால்தான் ஃபேனுக்கு பதில் பைப். சிப்பின் தலைமேல் 'கோல்டு பிளேட்' என்ற உலோகத் தகடு உட்கார்ந்திருக்கும். அதற்குள் இருக்கும் மெல்லிய பாதைகளில் திரவம் ஓடி, வெப்பத்தை வாரிக்கொண்டு போகும். பெரும்பாலும் இது வெறும் தண்ணீர் இல்லை. கிளைக்கால் மாதிரியான சேர்மானமும், துருப்பிடிக்காமல் இருக்க மருந்தும் கலந்திருக்கும்.

இந்தத் திரவம் 'சி.டி.யூ' எனப்படும் பெட்டிக்கு வரும். பம்ப், வடிகட்டி, வெப்பமாற்றி எல்லாம் அதில்தான். அங்கே கட்டடத்தின் தண்ணீர் லைனிடம் சூட்டை மட்டும் கைமாற்றிவிட்டு, மறுபடி ரேக்குக்கு ஓடும். இரண்டு திரவங்களும் ஒன்றோடொன்று கலக்காது.

எவ்வளவு ஓடணும்? 100 கிலோவாட் வெப்பத்தை, தண்ணீரின் சூடு 10 டிகிரி மட்டும் ஏறும்படி எடுக்க வேண்டுமென்றால் நிமிடத்துக்கு சுமார் 143 லிட்டர். அதாவது, நிமிடத்துக்கு ஏழு வாட்டர் கேன்!

எதையெல்லாம் பார்க்கணும்?

திரவத்தின் ஓட்டம், உள்ளே போகும் சூடு, வெளியே வரும் சூடு, அழுத்தம், கசிவு. இந்த ஐந்தும்தான் அடிப்படை. ஆனால், தனித்தனியாகப் பார்த்தால் விஷயம் புரியாது. சேர்த்துப் படிக்கணும்.

* ஓட்டம் மெதுவாகக் குறைகிறது, வடிகட்டியின் இருபக்க அழுத்த வித்தியாசம் ஏறுகிறது: வடிகட்டி அடைக்கிறது.

* அழுத்தமும் தொட்டியின் அளவும் சேர்ந்து இறங்குகின்றன: எங்கேயோ கசிகிறது.

* ஓட்டம் மாறவில்லை, திரும்பி வரும் சூடு மட்டும் ஏறுகிறது: உள்ளே போகும் சூடும் அப்படியே இருந்தால், சர்வருக்கு வேலை கூடியிருக்கிறது. பயம் வேண்டாம்.

இன்னொன்று, பனிநிலை. ஜில்லென்ற தண்ணீர் ஊற்றிய சொம்பின் வெளியே வியர்க்குமே, அதேதான். 32 டிகிரி வெயில், 75 சதவிகித ஈரப்பதம் என்றால், சுமார் 27 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பைப்பும் வியர்க்க ஆரம்பிக்கும். சர்வருக்குள் அது சொட்டினால் அவ்வளவுதான். எனவே, அறையின் பனிநிலையைவிட கொஞ்சம் சூடாகவே திரவத்தை அனுப்புவார்கள். 'சில்லுனு இருந்தாதானே கூலிங்?' என்று கேட்காதீர்கள். ஜெர்மனியின் கார்ஷிங்கில் 2012-ல் வந்த 'சூப்பர்மக்' சூப்பர் கம்ப்யூட்டர், 40 டிகிரியைத் தொடும் வெதுவெதுப்பான நீரிலேயே குளிர்ந்தது.

ராத்திரி 2 மணிக்கு பம்ப் நின்றால்?

அலாரம் பார்த்து, லேப்டாப்பைத் திறந்து, பாஸ்வேர்டு போடுவதற்குள் சிப் கொதித்துவிடும். அதனால் முதல் முடிவு மனிதருடையது இல்லை. மாற்று பம்ப் தானாக ஓடணும். அதுவும் கைகொடுக்காவிட்டால், சிப் தன் வேகத்தைக் குறைக்கும். கடைசியில் தானே அணைந்துவிடும். இந்த ஏற்பாடு இன்டர்நெட் இல்லாமலும் அந்த இடத்திலேயே வேலை செய்யணும்.

தூரத்திலிருந்து பார்ப்பவரின் வேலை அதற்கு முன்னால் இருக்கிறது. ஒரு வாரமாக ஓட்டம் சிறுகச் சிறுகக் குறைவதைக் கவனித்து, நிற்பதற்கு முன்பே ஆள் அனுப்புவதுதான் அது.

இங்கேதான் பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. நெட்வொர்க் அறுந்தால், சில டேஷ்போர்டுகள் கடைசியாக வந்த எண்ணையே பச்சை நிறத்தில் காட்டிக்கொண்டிருக்கும். பார்ப்பவர் 'எல்லாம் ஓ.கே' என்று நினைப்பார். ஆகவே, ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் அது வந்த நேரம் இருக்கணும். தகவல் வராமல் போனால், அதுவே ஓர் அலாரமாக அடிக்கணும்.

அடுத்தது, சாவி யார் கையில்? பம்ப்பை அணைக்கும் பட்டன் இன்டர்நெட்டில் திறந்து கிடந்தால், ஹேக்கருக்கு வேலை சுலபம். கண்காணிப்புக்குத் தனி நெட்வொர்க், வி.பி.என், இரண்டடுக்கு லாகின் கட்டாயம். பெரும்பாலானவர்களுக்குப் பார்க்க மட்டும் அனுமதி போதும்.

கசிவு சென்சாரை அவ்வப்போது நனைத்துப் பார்த்து, அலாரம் வருகிறதா என்றும் சோதிக்கணும். பல மாதங்களாக சத்தமே போடாத சென்சார் நல்லாத்தான் இருக்கு என்பதற்கு என்ன உத்தரவாதம்?

பிளம்பிங்கும் நெட்வொர்க்கிங்கும் ஒரே ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டிய வேலை இது. மெக்கானிக்கல், இ.சி.இ, ஐ.டி.ஐ என எதைப் படித்திருந்தாலும், மற்ற பாதியையும் கற்றுக்கொண்டால் இந்தப் பக்கம் தைரியமாக வரலாம்.