களம் கண்ட பெண்கள் – 14: மணிலாவில் எண்பது நிமிடம்

பொங்கல் விளையாட்டுப் போட்டியில், எங்கள் சீயமங்கலத்தில், பெண்களுக்கான நூறு மீட்டரில் ஜெயித்தது ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை. எவர்சில்வர் குடம் பரிசு. கைதட்டினோம். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த வேகத்தை என்ன செய்யலாம் என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை. அந்த வருத்தத்தோடுதான் இந்த வாரம் ஸ்வீட்டி குமாரியைப் பற்றி எழுதுகிறேன்.

பீகாரில் பாட்னா மாவட்டத்து பார்ஹ் ஊர்க்காரி. அவளும் நூறு மீட்டர் ஓடியவள்தான். 2014-இல், பதினான்கு வயதில், பாட்னாவில் ஓடும்போது மாநில ரக்பி சங்கச் செயலாளரின் கண்ணில் பட்டாள். ரக்பி ஆடிப் பார் என்றார் அவர். அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

ரக்பி நமக்கு அந்நியம் என்று நினைக்க வேண்டாம். கபடியில் நாலு பேர் காலைப் பிடித்து அமுக்கினாலும், ஊர்ந்துபோய் நடுக்கோட்டை விரல் நுனியால் தொட்டால் புள்ளி. இங்கே எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைக்க வேண்டும். அதற்குப் பெயர் ட்ரை, ஐந்து புள்ளி. பந்தைக் கையால் முன்னே வீசக்கூடாது, பின்னால் வருபவருக்குத்தான் கொடுக்கலாம். ஆகவே முன்னேற இரண்டே வழி, உதைப்பது அல்லது ஓடுவது. ஓரத்தில் நிற்கும் ‘விங்’ ஆட்டக்காரிக்குப் பந்து கிடைத்தால் வேகம்தான் அவள் ஆயுதம். ஸ்வீட்டியின் இடம் அது.

பதினைந்து பேர் ஆடும் முழு ஆட்டத்தில் இந்தியப் பெண்கள் முதன்முதலில் இறங்கியது 2018-இல், சிங்கப்பூரில். சிங்கப்பூர் அணியிடம் தோற்றார்கள். மறு வருடம் ஜூனில், மணிலாவில், அதே சிங்கப்பூர் எதிரே வந்தது. கேப்டன் வாபிஸ் பருச்சா, புனேயைச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட். ஸ்வீட்டி இரண்டு ட்ரை அடித்தாள். ஆனாலும் ஆட்டம் கையில் நிற்கவில்லை. கடைசி நிமிடங்களில் கிடைத்த பெனால்டியை உதைக்க வந்தவள் சுமித்ரா நாயக். ஒடிசாவின் ஜாஜ்பூர் மாவட்டத்துப் பெண். புவனேஸ்வரின் கலிங்கா சமூக அறிவியல் நிறுவனத்தில், பழங்குடிப் பிள்ளைகளின் உறைவிடப் பள்ளியில், ரக்பி கற்றவள். உதை கம்பங்களுக்கு நடுவே போனது. மூன்று புள்ளி. 21–19. பதினைந்து பேர் ஆட்டத்தில் இந்தியப் பெண்களின் முதல் பன்னாட்டு வெற்றி அதுதான்.

புனே, பார்ஹ், ஜாஜ்பூர்: வேறு வேறு மொழி, வேறு வேறு வீடு. அந்த எண்பது நிமிடத்தை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

அந்த வருடமே ‘ஸ்க்ரம்குயீன்ஸ்’ என்ற மகளிர் ரக்பி இணைய இதழ் ஸ்வீட்டியை உலகின் சிறந்த இளம் வீராங்கனையாகத் தேர்ந்தெடுத்தது.

போன வாரம் அந்தக் குடத்துப் பிள்ளையைக் குழாயடியில் பார்த்தேன். இதையெல்லாம் சொன்னேன். குடம் நிரம்பி வழிவதைக்கூடக் கவனிக்காமல் கேட்டாள்.

“அந்தப் பந்து எவ்ளோ வெயிட்டுக்கா இருக்கும்?”

“நானூறு கிராமுக்குக் கொஞ்சம் மேல.”

“அவ்ளோதானா?” என்றபடி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

(தொடரும்)